மெதுவாக நடப்பவரிடமிருந்து தொடங்குங்கள்: வீட்டு ஆயத்த வழிகாட்டிகளை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பேரிடர் மேலாண்மை, தீயணைப்பு, பொதுச் சுகாதாரத் துறைகளில் இருந்துகொண்டு, குடும்பங்களுக்கான அவசரகால ஆயத்த வழிகாட்டிகளை எழுதி வெளியிடும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

உங்களைப் போன்றோர் எழுதிய இருபக்கக் கையேடு ஒன்று எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மூன்று ஆண்டுகளாக ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் ஒரு தந்தை, ஒரு தாய், இரண்டு குழந்தைகள், ஒரு முதுகுப்பை ஆகியவற்றின் படம் உண்டு. நால்வரும் கதவை நோக்கி வேகமாக நடக்கிறார்கள். அதில் சொல்லப்பட்டிருக்கும் எதுவும் தவறில்லை. ஆனால் அந்தப் படத்தில் இல்லாத இருவர் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் படத்தில் இல்லாததால் கையேட்டின் ஏறத்தாழ ஒவ்வொரு வரியும் எங்களுக்குப் பொருந்தாமல் போனதை ஓர் இரவில் கண்டுகொண்டோம். அதைச் சொல்லவும், அடுத்த பதிப்பை எப்படி எழுதலாம் என்று ஒரு வேண்டுகோள் வைக்கவும் இந்த மடலை எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு 86 வயது. பார்க்கின்சன் நோய் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வாக்கர் பிடித்து நடக்கிறார். அம்மாவுக்கு 81 வயது. நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். இரு காதுகளிலும் கருவி அணிந்தால்தான் பேச்சு கேட்கும். நானும் என் கணவரும், பள்ளியில் படிக்கும் எங்கள் மகளும் அவர்களுடன் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வாழ்கிறோம்.

அன்று இரவு இரண்டு மணியளவில் தரைத்தளத்தில் மின் மீட்டர்கள் இருக்கும் அறையில் தீப்பிடித்தது. அது பெரிய தீயாக வளரவில்லை. யாருக்கும் காயமும் இல்லை. ஆனால் மின்சாரம் நின்றது, லிஃப்ட் நின்றது, புகை படிக்கட்டு வழியே மேலேறத் தொடங்கியது, எச்சரிக்கை மணி ஒலித்தது. கையேட்டின் மூன்று வாக்கியங்கள் எனக்கு மனப்பாடம்: பதற்றப்படாதீர்கள், பொருள்களை எடுக்க நிற்காதீர்கள், உடனே படிக்கட்டு வழியே வெளியேறுங்கள். நான் அம்மாவின் அறைக்கு ஓடினேன். அவர் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். காதுக் கருவிகள் உறங்குமுன் கழற்றி வைக்கப்பட்டு மேசை இழுப்பறைக்குள் இருந்தன. அந்த மணி எங்கள் மூவரையும் தூக்கிவாரிப்போட்டது. அவருக்கோ அப்படியொரு மணி ஒலிக்கவே இல்லை. தொட்டு எழுப்பி, இருட்டில் வாயசைவும் தெரியாமல், என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் பல நிமிடங்கள் போயின.

அப்பாவின் நிலை இன்னும் கடினமாக இருந்தது. பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா மருந்து உடலில் வேலை செய்யும் நேரம் ஒன்று, அதன் வலு வடிந்துபோகும் நேரம் ஒன்று. காலை பதினொரு மணிக்கு அவர் வாக்கருடன் கூடத்தைச் சுற்றி வருவார். செய்தித்தாளை உரக்கப் படிப்பார். இரவு இரண்டு மணிக்கு, முந்தைய மாத்திரையின் வலு தீர்ந்த நிலையில், தானாகப் புரண்டு படுக்கவும் அவரால் இயலாது. அன்று அவரை எழுப்பி உட்கார வைத்து, கால்களைத் தரையில் ஊன்றச் செய்து, கண்ணாடியைத் தேடி அணிவித்து வாசற்கதவு வரை கொண்டுவர இருபத்து மூன்று நிமிடங்கள் ஆயின. கதவைத் திறந்தபோது படிக்கட்டில் புகை நிறைந்திருந்தது. மேலே வந்துகொண்டிருந்த தீயணைப்பு வீரர் ஒருவர் எங்களை உள்ளேயே இருக்கச் சொல்லி, கதவை மூடி, அடியில் ஈரத்துணி வைக்கச் சொன்னார். அவர் வந்திராவிட்டால், கையேடு சொன்னபடியே, நடக்க முடியாத ஒருவரை இருவர் தூக்கிக்கொண்டு புகைக்குள் இறங்கியிருப்போம்.

இதை ஒரு குறைகூறலாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பணியின் அருமை எனக்குத் தெரியும். நான் சொல்ல வருவது ஒன்றே: ஒரு வீட்டின் அவசரத் திட்டத்தை அந்த வீட்டில் மிக மெதுவாக நடப்பவரை வைத்து, அவருடைய மிகக் கடினமான வேளையை வைத்து எழுத வேண்டும். இப்போதைய வழிகாட்டிகள் நலமாக இருக்கும் ஒரு நடுவயதுக்காரரின் பகற்பொழுதை வைத்து எழுதப்பட்டு, கடைசிப் பக்கத்தில் ‘முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தனிக்கவனம் செலுத்தவும்’ என்ற ஒற்றை வரியுடன் முடிகின்றன. அந்தத் தனிக்கவனம் எது என்பதைத்தான் கையேடு சொல்லியிருக்க வேண்டும்.

பேரிடர்களில் உயிரிழந்தவர்கள் யார் என்பதைப் பார்த்தால், இந்த வரிசையை மாற்றச் சொல்வது ஒரு மகளின் தனிப்பட்ட ஆதங்கம் மட்டுமன்று என்பது தெரியும். 2003 ஆகஸ்டில் பிரான்சில் வீசிய வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் 75 வயதைக் கடந்தவர்கள். 2005இல் கத்ரீனா சூறாவளியின்போது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 75 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். 2021 கோடையில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெப்பத்தால் இறந்தவர்கள் 619 பேர் என்று அந்த மாகாணத்தின் மரண விசாரணைத் துறை கணக்கிட்டது. அவர்களில் மூன்றில் இரு பங்கினர் 70 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். பாதிக்கும் மேற்பட்டோர் தனியாக வாழ்ந்தவர்கள். 98 விழுக்காட்டினர் வெட்டவெளியில் அல்ல, கட்டடத்துக்குள் இருந்தபோது பாதிக்கப்பட்டவர்கள். வீடு என்பது அடைக்கலம் என்ற எண்ணத்தில் எழுதப்படும் வழிகாட்டிகள் இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இன்னோர் எண்ணும் என்னை விட்டு அகலாதது. 2011 மார்ச்சில் ஜப்பானில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் பிறகு, வெள்ளத்திலோ இடிபாடுகளிலோ அல்லாமல், இடம்பெயர்ந்த களைப்பு, முகாம் வாழ்க்கையின் கடுமை, சிகிச்சை அறுபட்டது ஆகியவற்றால் பின்னாளில் இறந்தவர்களை அந்நாட்டு அரசு தனியாகக் கணக்கிட்டது. 3,700க்கும் மேற்பட்ட அந்த மரணங்களில் பத்துக்கு ஒன்பது 66 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுடையவை. அவர்கள் அலையிலிருந்து தப்பியவர்கள். மாத்திரை, கதகதப்பு, கழிப்பறை, படுக்கை, பழகிய முகம் போன்ற சிறியவை கிடைக்காமல் போனவர்கள் அவர்களுள் பலர். ஆயத்தம் என்பதைக் கதவைத் தாண்டி ஓடுவதாக மட்டும் புரிந்துகொள்ளும் கையேடு, கதவுக்கு அப்பால் வரும் இந்தப் பத்து நாட்களையும் இருபது நாட்களையும் பார்ப்பதே இல்லை.

எனவே, எங்கள் வீட்டில் அந்த இரவுக்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டவற்றை, நீங்கள் எழுதப்போகும் பக்கங்களுக்குப் பயன்படலாம் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

முதலில் மருந்து. ‘தேவையான மருந்துகளை எடுத்து வையுங்கள்’ என்ற வரி எல்லாக் கையேடுகளிலும் இருக்கிறது. எவை ஒரு வேளைகூடத் தவறக் கூடாதவை என்பது எதிலும் இல்லை. லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் உடல் இறுகிக் கடும் காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வலிப்பு மருந்தும், நெடுநாள் எடுத்துவரும் ஸ்டீராய்டு மாத்திரையும், இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் பீட்டா தடுப்பு வகை மருந்தும் அவ்வாறே சட்டென நிறுத்தக் கூடாதவை. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் மருத்துவரிடம் ‘இவற்றில் எதை ஒரு நாள் விட்டாலும் ஆபத்து?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்டு, அவற்றைத் தாளில் முதலில் எழுதி வைக்கும்படி கையேடு சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் குறைந்தது ஏழு நாளுக்கான மருந்து எப்போதும் கூடுதலாக இருக்கிறது. அது பெட்டிக்குள் போட்டு மறந்துவிடும் இருப்பு அன்று. புதிதாக வாங்கியதைப் பின்னால் வைத்து, முன்னால் இருப்பதைப் பயன்படுத்திச் சுழற்றுகிறோம். இல்லையென்றால் அவசர நாளில் காலாவதியான மாத்திரைகள்தாம் கையில் இருக்கும்.

மருந்துப் பட்டியலைப் பற்றியும் ஒரு சொல். நிறுவனம் சூட்டிய பெயரைவிட மருந்தின் பொதுப்பெயர் முக்கியம். வேறோர் ஊரில், வேறொரு மருத்துவரிடம் காட்ட நேர்ந்தால் அதுதான் பயன்படும். அளவு, வேளை, எந்த நோய்க்கு, எதற்கு ஒவ்வாமை, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுக்கிறாரா, இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்பவை அதில் இருக்க வேண்டும். கீழே விழுந்து தலையில் அடிபட்ட ஒருவர் இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவர் என்பது தெரியாமல் போனால், மருத்துவர் இழக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குள் கசியும் இரத்தமாக மாறக்கூடும். இந்தப் பட்டியல் பெரிய எழுத்தில், கைப்பேசியில் மட்டுமல்லாமல் தாளிலும் இருக்க வேண்டும். அன்றிரவு என் கைப்பேசியின் மின்கலம் தீரும் நிலையில் இருந்தது.

இன்சுலினைப் பற்றிக் குடும்பங்களுக்குத் தெளிவான ஒரு பத்தி தேவை. திறக்காத இன்சுலின் குப்பிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் பயன்பாட்டில் இருக்கும் குப்பியையோ பேனாவையோ, வெயிலும் கடும் வெப்பமும் படாமல், 30 டிகிரிக்குக் கீழே வெளியிலேயே ஏறத்தாழ நான்கு வாரம் வைத்துப் பயன்படுத்தலாம் என்பது பெரும்பாலான வகைகளுக்குப் பொருந்தும் என்றாலும், பலர் அதை அறிவதில்லை; துல்லியமான கால அளவு அந்தந்த மருந்தின் உறையில் இருக்கிறது. இது தெரியாத பதற்றத்தில், மின்சாரம் போனதும் இன்சுலினைப் பனிக்கட்டிக்குள் நேரடியாகப் புதைக்கிறார்கள். உறைந்துபோன இன்சுலின் பயனற்றது. இரண்டே வாக்கியங்கள் அச்சிட்டிருந்தால் எத்தனையோ வீடுகளில் அந்த இழப்பைத் தவிர்க்கலாம். கூடவே, உணவு தாமதமாகும் நாளில் இன்சுலின் போட்டவருக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம் என்பதால், உடனே வாயில் போடத்தக்க இனிப்பு ஏதேனும் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தை நம்பி மூச்சுவிடுபவர்களும் இருக்கிறார்கள். எங்கள் குடியிருப்பின் முதல் தளத்தில் வாழும் ஒரு மூதாட்டி ஆக்சிஜன் செறிவூட்டியின் துணையுடன் இருக்கிறார். அன்றிரவு மின்சாரம் நின்றதும் அந்தக் கருவியும் நின்றது. அவரிடம் ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. அது எவ்வளவு நேரம் வரும் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கணக்கு எளியதுதான்: 1,500 லிட்டர் வாயு உள்ள சிலிண்டரை நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் திறந்தால் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம் வரும், 4 லிட்டர் வீதம் திறந்தால் அதில் பாதிதான். இந்தக் கணக்கைப் போட்டுச் சிலிண்டரின் மேலேயே ஒட்டிவைக்கச் சொல்லும் வரி எந்தக் கையேட்டிலும் என் கண்ணில் பட்டதில்லை. ஆக்சிஜன் உள்ள அறையில் மெழுகுவத்தி ஏற்றக் கூடாது என்பதையும், ஜெனரேட்டரை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள்ளோ பால்கனியிலோ இயக்கக் கூடாது, அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்பதையும் அதே பக்கத்தில் அச்சிடலாம். மின் வழங்கல் நிறுவனங்களில் சில, மருத்துவக் கருவி பயன்படுத்தும் வீடுகளைப் பதிவு செய்துகொள்கின்றன; உங்கள் பகுதியில் அப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் அதைச் சொல்லுங்கள்; இல்லையென்றால் அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் பணி என்றே கருதுகிறேன்.

அம்மாவுக்குக் கேட்காமல் போன அந்த மணியைப் பற்றிப் பின்னர் படித்தபோது எனக்கு வருத்தம் மிகுந்தது. வழக்கமான புகை எச்சரிக்கைக் கருவிகள் ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ் அளவிலான கீச்சொலியை எழுப்புகின்றன. முதுமையில் முதலில் தேய்வது இத்தகைய உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன்தான். 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி, செவித்திறன் குறைந்தவர்களை உறக்கத்திலிருந்து எழுப்புவதில் மிகச் சிறந்தது என்பது ஆய்வுகளில் தெரியவந்த செய்தி. தலையணைக்கடியில் வைக்கும் அதிர்வுக் கருவியும், பளிச்சிடும் விளக்கும்கூட உண்டு. ‘உங்கள் வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்கும் கையேட்டைப் படித்து, ‘இருக்கிறது’ என்று நிம்மதியாக இருந்தவள் நான். ‘அது வீட்டிலுள்ள எல்லோரையும் எழுப்புமா?’ என்று கேட்டிருந்தால் ஒரு நாள் சோதித்துப் பார்த்திருப்பேன்.

இப்போது அம்மாவின் கட்டில் காலில் ஒரு துணிப்பை கட்டப்பட்டிருக்கிறது. அதில் காதுக் கருவிகளும் அவற்றுக்கான மாற்று பேட்டரிகளும், மூக்குக்கண்ணாடி, பல்செட் டப்பா, சிறிய டார்ச், ஒரு விசில், அடிப்புறம் தடித்த செருப்பு ஆகியவையும் இருக்கின்றன. மேசை மேல் வைத்தவை நிலநடுக்கத்தில் உருண்டு எங்கோ போய்விடும். கட்டிலில் கட்டியது அங்கேயே இருக்கும். உடைந்த கண்ணாடி கிடக்கும் தரையில் வெறுங்காலுடன் நடந்து காயப்படுவது நிலநடுக்கத்துக்குப் பிந்தைய காயங்களில் மிகச் சாதாரணமானது. முதியவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் அந்தச் சிறு காயம் சிறியதாக நிற்பதில்லை.

நிலநடுக்கம் பற்றிய பகுதியை நீங்கள் முற்றிலும் திருத்தி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தரையில் குனிந்து, மேசைக்கடியில் புகுந்து, அதன் காலைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறீர்கள். 86 வயது மூட்டுகள் அப்படி மடங்குவதில்லை. மடங்கினாலும் மீண்டும் எழ முடியாது. சக்கர நாற்காலியில் இருப்பவர் சக்கரத்தைப் பூட்டிவிட்டு, முன்குனிந்து, கைகளாலோ தலையணையாலோ தலையையும் கழுத்தையும் மறைத்துக்கொள்ள வேண்டும். வாக்கருடன் நடப்பவர் அதன் சக்கரத்தைப் பூட்டி, முடிந்தால் அருகில் உட்கார்ந்து அதையே செய்ய வேண்டும். படுக்கையில் இருப்பவர் படுக்கையிலேயே இருந்து தலையணையால் தலையை மூடிக்கொள்வதே பாதுகாப்பு. இவை உங்கள் துறையினர் நன்கு அறிந்த முறைகள்தாம். ஆனால் அவை முதன்மைப் பக்கத்தின் படத்தில் இல்லை. கட்டிலின் தலைமாட்டில் கனமான அலமாரியோ சட்டமிட்ட படமோ இருக்கக் கூடாது என்ற செய்தியும் இதோடு சேர வேண்டும். எழுந்து விலக முடியாதவருக்கு அது மற்றவர்களைவிட முக்கியம்.

படிக்கட்டு பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள். லிஃப்ட் நின்ற நிலையில் நடக்க இயலாதவரை எப்படி இறக்குவது என்பதை எந்தக் குடும்பமும் தீ எரியும்போது கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் பின்னாலிருந்து கக்கத்துக்கடியில் கை கொடுத்து, இன்னொருவர் முன்னால் முழங்காலுக்கடியில் பிடிப்பது ஒரு முறை. உறுதியான நாற்காலியில் அமர்த்திப் பின்னால் சாய்த்து இருவர் இறக்குவது ஒரு முறை. இறக்குவதற்கென்றே செய்யப்பட்ட நாற்காலிகளும் உண்டு, அவற்றைக் குடியிருப்பு முழுவதற்கும் பொதுவாக ஒன்று வாங்கி வைக்கலாம். யார் எந்தப் பக்கம் பிடிப்பது, பக்கத்து வீட்டில் உதவிக்கு வருபவர் யார், அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்பதெல்லாம் பெயர் குறித்து எழுதப்பட வேண்டும். அதேபோல, படிக்கட்டில் புகை நிறைந்திருந்தால் இறங்க வேண்டாம், கதவை மூடி இடுக்குகளை ஈரத்துணியால் அடைத்து, சன்னலுள்ள அறையில் இருந்து, தீயணைப்புத் துறைக்கு எந்தத் தளம், எந்த அறை, நடக்க இயலாதவர் எத்தனை பேர் என்று சொல்லுங்கள் என்பதையும் ‘உடனே வெளியேறுங்கள்’ என்ற வரிக்கு அடுத்த வரியாகவே அச்சிடுங்கள்.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாக. ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்து, ஐந்து பேருக்கு மூன்று நாளுக்கு 60 லிட்டர் சேமித்தோம். பெரிய கேன்களில் வைத்திருந்தோம். நாங்கள் இருவரும் வேலைக்குப் போன ஒரு பகலில் குழாய்நீர் நின்றபோது, அம்மாவால் அவற்றில் ஒன்றையும் சாய்க்க முடியவில்லை. இப்போது பாதி ஒரு லிட்டர் பாட்டில்களில் இருக்கிறது. அவற்றின் மூடிகளை ஒருமுறை திறந்து மூடி, அவர் விரல்களால் திறக்க முடிகிறதா என்று பார்த்திருக்கிறோம். முதுமையில் தாகம் மங்கிவிடும் என்பதால் கேட்காவிட்டாலும் குடிக்கக் கொடுக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கழிப்பறை தொலைவில் இருந்தால், அல்லது அங்கே போகப் பிறர் கை வேண்டியிருந்தால், முதியவர்கள் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லாமல் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். முகாம்களில் நீரிழப்பும், சிறுநீர்த் தொற்றும், காலில் இரத்தம் உறைவதும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே டயாப்பர், படுக்கையருகே வைக்கும் கழிப்பறை நாற்காலி, மாற்றுடை ஆகியவற்றைப் பட்டியலின் அடியில் கூச்சத்துடன் சேர்க்காமல், தண்ணீருக்கு அடுத்த வரியிலேயே எழுதுங்கள்.

மறதி நோய் உள்ளவர்களைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. என் தோழி தன் மாமியாரை எட்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர். இடம் மாறியதும் அவர்கள் கலங்கிப்போய் வெளியே நடந்துவிடுவார்கள் என்றும், பெயரும் தொடர்பு எண்ணும் பொறித்த கைவளை, அண்மையில் எடுத்த படம், நாள்தோறும் போர்த்திக்கொள்ளும் அதே போர்வை ஆகியவைதாம் தனக்குப் பெரிதும் உதவியவை என்றும் அவர் சொல்வார். அந்தப் போர்வை எந்த அவசரப் பையின் பட்டியலிலும் இல்லை.

பேரிடர் என்றாலே வானத்திலிருந்தோ பூமிக்கடியிலிருந்தோதான் வரும் என்ற எண்ணத்தையும் உங்கள் கையேடு மாற்ற வேண்டும். முதியோர் உள்ள வீட்டில் மிக அடிக்கடி வரும் அவசரம் குளியலறையில் வழுக்கி விழுவது. உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். உயிர்போகும் வீழ்ச்சிகள் மிகுதியாக நிகழ்வது 60 வயதைக் கடந்தவர்களுக்கே. விழுந்தவர் எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தால், அடிபடாத உடலும் நசுங்கிய தசையாலும் குளிராலும் நீரிழப்பாலும் கெட்டுப்போகும். எனவே உதவி கேட்கும் வழி தரையில் கிடக்கும்போதும் கைக்கெட்ட வேண்டும். கழுத்தில் தொங்கும் அழைப்புப் பொத்தானோ, குளியலறையில் தரைக்கு அருகே வரை தொங்கும் மணிக்கயிறோ எதுவானாலும் சரி. பக்கவாதத்தின் அறிகுறிகளான முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல் ஆகியவற்றைக் கண்டால், அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்; இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், மருத்துவமனையில் கேட்கப்படும் முதல் கேள்விகளுள் அதுவும் ஒன்று.

தனி வீட்டால் முடியாதது ஒன்று உண்டு. அதற்கு நீங்கள்தாம் வேண்டும். ஜப்பான் 2021இல் தன் பேரிடர்ச் சட்டத்தைத் திருத்தி, தாமாக வெளியேற இயலாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஆளுக்கொரு வெளியேற்றத் திட்டம் வரைய முயல்வதை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. எந்த வீட்டில் யார் இருக்கிறார், அவரை அழைத்துச் செல்பவர் யார், எங்கே அழைத்துச் செல்வது என்பது அதில் இருக்கும். எங்கள் குடியிருப்பில் நாங்களே அப்படி ஒரு பட்டியல் தயாரித்தபோது, நாற்பது வீடுகளில் பதினொரு வீடுகளில் படியிறங்க உதவி தேவைப்படுவோர் இருப்பது தெரியவந்தது. பல ஆண்டுகளாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியவர்கள் நாங்கள். அதை அறியாமல் இருந்தோம். தகவல் தனியுரிமை பற்றிய தயக்கம் நியாயமானது. அவர்களுடைய ஒப்புதலுடன், யார் பார்க்கலாம் என்ற வரையறையுடன் அந்தப் பட்டியலைச் செய்யும் முறையை நீங்கள் வகுத்துத் தந்தால், ஒவ்வொரு குடியிருப்பும் தெருவும் அதைப் பின்பற்றும்.

2015 மார்ச்சில் ஜப்பானின் சென்டாய் நகரில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பேரிடர் அபாயக் குறைப்புச் செயல்திட்டம், முதியோரின் பல்லாண்டு அறிவும் திறனும் விலைமதிப்பற்றவை என்றும், கொள்கைகளையும் திட்டங்களையும் முன்னெச்சரிக்கை முறைகளையும் வகுப்பதில் அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. அதன் பொருளை நான் வீட்டிலேயே உணர்ந்தேன். தீப்பிடித்த வாரத்தின் இறுதியில் நாங்கள் மூவரும் மேசையைச் சுற்றி அமர்ந்து, அப்பாவை யார் எப்படித் தூக்குவது என்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் அருகில்தான் இருந்தார். வெகுநேரம் கழித்து அவர் சொன்னார்: “என்னைத் தூக்குவதற்கு முன்னால் எனக்குச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் பிடிக்கப்போகிறீர்கள் என்று தெரிந்தால் என் உடம்பை அதற்குத் தகுந்தாற்போல் விட்டுக்கொடுப்பேன். தெரியாமல் தூக்கினால் பயத்தில் இறுகிவிடுகிறது.” அன்றிரவு இருபத்து மூன்று நிமிடங்கள் ஆனதற்கான காரணங்களுள் பெரியது அதுதான். எங்கள் மூவரில் எவருக்கும் அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. அம்மாவும் அன்று தன் பங்குக்கு ஒன்று சொன்னார்: தோளைத் தட்டாமல் உள்ளங்கையை இரண்டு முறை அழுத்தினால் அதுதான் ஆபத்து என்பதற்கான அடையாளமாக இருக்கட்டும், இருட்டிலும் புரியும் என்று. இப்போது ஆண்டுக்கு இருமுறை, இரவு உறங்கிய பின், விளக்கை அணைத்துவிட்டு ஒத்திகை பார்க்கிறோம். கடைசியாகப் பார்த்தபோது வாசற்கதவை அடைய ஏழு நிமிடங்கள் ஆயின.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த பதிப்பை அச்சுக்கு அனுப்புமுன், அதன் படியை 80 வயதைக் கடந்த சிலரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் அவர்களால் செய்ய முடியுமா என்று செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள். எழுத்தின் அளவு அவர்கள் கண்ணுக்குப் போதுமா, பாட்டில் மூடி அவர்கள் கைக்குத் திறக்கிறதா, எச்சரிக்கை மணி அவர்கள் காதுக்கு எட்டுகிறதா, இரவு இரண்டு மணிக்கு அவர்களால் என்ன முடியும் என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் இருவர் அதற்கு ஆயத்தமாக இருக்கிறார்கள். அம்மாவிடம் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். முகம் பார்த்து, சற்று நிதானமாகப் பேசினால் போதும். அப்பாவைப் பார்க்கக் காலை பதினொரு மணிக்கு வாருங்கள். ஆனால் இரவில் அவரால் என்ன முடியாது என்பதை அவரே சொல்வார், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இரு முதியோருடன் மூன்றாம் தளத்தில் வாழும் ஒரு மகள்